தந்த நிறம்

வேரிங்ஹவுசனில், ரயில் பாலத்துக்குக் கீழே
ஜெம்மின் பட்டறை.
சரக்கு ரயில் போகும்போதெல்லாம்
சுவரில் தொங்கும் குறடுகள் தங்களுக்குள் கதைக்கும்.
காலை ஒன்பது மணிக்கு
என் காரை உரிக்க வந்தேன்.

வாங்கியபோது அது சிவப்பு,
வெட்டிவைத்த பீட்ரூட்டின் சிவப்பு.
ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை அந்த நிறத்தில் ஓட்டினேன்,
ஏரிவரை போய், ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.
திங்களன்று அலுவலகத்தில் சொன்னார்கள்:
டாக்சி என்றால் தந்த நிறம்.
சிவப்பில் ஆள் ஏற்ற முடியாது.

தந்த நிறம்.
அன்றிரவு மின்சார பில்லின் பின்புறத்தில்
தமிழில் எழுதிப் பார்த்தேன்.
யானை தந்ததா, ஹாகன் நகரம் தந்ததா,
எழுத்து காட்டிக்கொடுக்கவில்லை.

'பெயின்ட் அடித்தால் போனது போனதுதான்,
விற்கும் நாளில் சிவப்பு வேண்டாமா உனக்கு?'
என்று கேட்டான் ஜெம்.
ரப்பர் பாலைத் துப்பாக்கியில் ஊற்றி,
ஒன்று காய இன்னொன்றாக
எட்டுப் பூச்சு வேண்டும் என்றான்.
எனக்கு ஆறுக்குத்தான் காசு இருந்தது.
'சரி, உரிக்கும்போது என்னை நினைப்பாய்.'

நினைக்கிறேன்.
கதவுகள் நல்லபடி வந்தன,
ஆறிய பாலில் ஆடையைத் தூக்குவதுபோல.
கூரை ஒரு போர்வையாகவே வந்து தோளில் விழுந்தது.
பூச்சு மெலிந்த இடங்களில்தான் பிடிவாதம்.
பாம்பு கொடுத்துவைத்தது,
சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறது.
எனக்கு முன் பம்பர் முடியவே
பதினொன்றரை ஆகிவிட்டது,
நகமளவு, நகமளவாக.

பெட்ரோல் மூடியைச் சுற்றி உரிக்க ஒன்றுமில்லை.
சிந்திய துளிகள் எப்போதோ ரப்பரைத் தின்றுவிட்டன.
டயாலிசிசுக்கு வாரம் மூன்று முறை என்னோடு வந்த
க்ளூட்டிங் அம்மாள் முதல் நாளே கண்டுபிடித்தார்:
'உன் காருக்கு ரத்தம் கசிகிறதே,
பஞ்சு வைத்து அமுக்கு, பத்து நிமிடம்.'
அதன்பிறகு ஏறும்போதெல்லாம்
அந்த இடத்தை விரலால் ஒருமுறை அமுக்குவார்.
ஒரு வியாழக்கிழமை மணியடித்தும் இறங்கி வரவில்லை.
மீட்டர் போடாமல்
முக்கால் மணி நேரம் நின்றேன்.

வலது பக்கம் நீளக் கீறல்.
காசு தராமல் இறங்கியவன் சாவியால் இழுத்தது.
நாலு வருடம், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.
இன்று ரப்பரோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது.
அடியில் ஒன்றுமேயில்லை, பளபளவென்று.
அவ்வளவு எரிந்ததற்கு
ஒரு கோடாவது இருந்திருக்கலாம்.

இடது பின்கதவில் ஒரு கொசு.
முதல் பூச்சுக்கு முன்னரே வந்து உட்கார்ந்திருக்கிறது.
ஆறு கால், ஒரு சிறகு, குழப்பமில்லாமல்.
இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்
வெயில் படாமல், மழை படாமல்,
டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கே நூறு தடவை.
காசு தராத இரண்டாவது ஆள்.
ஜெம்மைக் கூப்பிட்டேன்.
'என் தவறு,' என்றான் வெட்கத்தோடு,
மண்ணெண்ணெய் தொட்ட துணியை நீட்டினான்.
நான் வாங்கவில்லை.

உரித்ததெல்லாம் இரண்டு சாக்கு.
மஞ்சள் தொட்டியா சாம்பல் தொட்டியா என்று
நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கையில்
வைப்கே வந்துவிட்டாள், வாங்கப்போகிறவள்,
இரவுப் பணி முடிந்த கண்களோடு.
காரைச் சுற்றி நடந்தாள்.
'நாலு வருடப் பழசு மாதிரியே இல்லையே.'
'இல்லை,' என்றேன். 'ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழசு.'
அவளுக்குப் புரியவில்லை. புரியவேண்டியதுமில்லை.
கொசுவைக் காட்டி இருபது யூரோ குறைக்கச் சொன்னாள்.
குறைத்தேன்.

சாவியைக் கொடுத்தேன்.
பாலத்து நிழலிலிருந்து சிவப்பாக வெளியேறி
இடதுபக்கம் திரும்பினாள்.
பின் பம்பரின் அடியில், குனிந்தால் மட்டும் தெரிகிற இடத்தில்,
ஒரு உள்ளங்கை அகலத் தந்தம்
எவ்வளவு சுரண்டியும் வரவில்லை.
அதை நான் சொல்லவில்லை.